மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சா? ஒட்டுண்ணித் தொற்றும் மனநோயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயிற்றில் பூச்சி என்றால் மாத்திரை, மனதில் கோளாறு என்றால் வேறு டாக்டர். நாம் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறோம். ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா, தெற்காசியா ஆகிய பகுதிகளின் மருத்துவமனைகளில் இந்தக் கோடு அடிக்கடி அழிந்துபோகிறது. குழப்பம், விரக்தி, காரணமில்லாத ஆத்திரம் என்று அழைத்து வரப்படுகிறவரின் நோய்க்கு வேர் ஒரு புழுவாக இருப்பதுண்டு. கொசு கொண்டுவந்து விட்ட ஒற்றைச் செல் உயிராக இருப்பதும் உண்டு. இதைப் பற்றி மக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே இருக்கின்றன.

நிஜமாகவே தொடர்பு இருக்கிறதா, அல்லது பரபரப்புக்காகச் சொல்கிறார்களா?

இருக்கிறது. பரபரப்பும் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், பரபரப்பு ஓர் இடத்தில் இருக்கிறது, உறுதியான ஆதாரம் வேறு இடத்தில் இருக்கிறது. பூனையிடமிருந்து வரும் ஒட்டுண்ணி மனிதரின் புத்தியை மாற்றுகிறது என்ற செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. அதற்கான சான்று அரைகுறைதான். பன்றி நாடாப்புழு மூளைக்குள் கூடு கட்டி வலிப்பையும் மனச்சோர்வையும் கொண்டுவருவது பல பத்தாண்டுகளாக நிரூபணமான விஷயம். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "தொடர்பு" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று தனித்தனிக் கதைகள் ஒளிந்திருக்கின்றன. ஒட்டுண்ணி மூளைக்குள்ளேயே புகுந்து கெடுப்பது ஒன்று. மூளையைத் தொடாமல், ரத்தத்தையும் சத்தையும் உறிஞ்சி ஆளைத் துவள வைப்பது இன்னொன்று. மூன்றாவது, நோய் விட்டுச்சென்ற ஊனமும் ஊராரின் பார்வையும் மனதை உடைப்பது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு என்பதால், எந்த ஆய்வைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் இது எந்தக் கதை என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

நாடாப்புழு குடலில் இருப்பதுதானே? மூளைக்கு எப்படிப் போகிறது?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். டீனியா சோலியம் என்ற பன்றி நாடாப்புழு இரண்டு விதமாக மனிதருக்குள் வரும். சரியாக வேகாத பன்றிக்கறியில் இருக்கும் இளம்புழுவை விழுங்கினால், அது குடலில் சில மீட்டர் நீளத்துக்கு வளர்ந்து அங்கேயே குடியிருக்கும். பெரும்பாலும் பெரிய தொந்தரவு இருக்காது. ஆனால் அந்த ஆளின் மலத்தில் ஆயிரக்கணக்கான முட்டைகள் வெளியேறும். கழிப்பறை இல்லாத இடத்தில், கை கழுவத் தண்ணீர் இல்லாத இடத்தில், அந்த முட்டைகள் உணவிலும் நீரிலும் கலக்கும். அந்த முட்டையை இன்னொருவர் விழுங்கினால் கதை மாறுகிறது. முட்டை குடலில் பொரிந்து, கரு குடல் சுவரைத் துளைத்து, ரத்தத்தில் ஏறி, தசைக்கும் கண்ணுக்கும் மூளைக்கும் போய் நீர்க்கட்டியாக உட்கார்ந்துகொள்கிறது. மூளையில் உட்கார்ந்தால் அதற்கு நியூரோசிஸ்டிசர்கோசிஸ் என்று பெயர்.

ஆக, மூளைக்குள் கட்டி வருவதற்குக் காரணம் கறி அல்ல, மனித மலம். பன்றிக்கறியைத் தொடாதவர்களுக்கும் இது வரும். நியூயார்க்கில் மத விதிப்படி பன்றிக்கறியை அறவே விலக்கிய யூதக் குடும்பங்களைச் சேர்ந்த 4 பேருக்கு வலிப்பு வந்து, மூளையில் இந்தக் கட்டிகள் இருப்பது தெரியவந்தது. 1992-ல் அந்த ஆய்வு வெளியானது. நோய் பரவலாக உள்ள நாடுகளிலிருந்து வந்து அந்த வீடுகளில் வேலை பார்த்தவர்கள் மூலம் முட்டை வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். வேலைக்கு வந்தவர்களைக் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. தனக்குள் புழு இருப்பது அவர்களுக்கே தெரிந்திருக்காது. "நாங்கள் சைவம், எங்களுக்கு எப்படி?" என்று கேட்கும் குடும்பங்களுக்குத்தான் இந்தக் கதை.

கட்டி வந்த உடனே தெரிந்துவிடுமா?

தெரியாது. அதுதான் இந்த நோயின் தந்திரம். உயிரோடு இருக்கும் இளம்புழு உடம்பின் காவல் படையை ஏமாற்றிச் சத்தமில்லாமல் வருடக்கணக்கில் இருக்கும். அது சாகத் தொடங்கும்போதுதான் உடம்பு அதை அடையாளம் கண்டு தாக்குகிறது. அப்போது சுற்றியுள்ள மூளைத் திசு வீங்கி வலிப்பு வருகிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் பணியாற்றிவிட்டு நாடு திரும்பிய ராணுவ வீரர்கள் பலருக்குச் சில ஆண்டுகள் கழித்து, சிலருக்குப் பத்தாண்டுகளும் தாண்டி, திடீரென்று வலிப்பு வந்தது. அப்படிப்பட்ட 450 பேரின் நோய் வரலாற்றைத் தொகுத்து 1961-ல் டிக்சன், லிப்ஸ்கோம்ப் என்ற இருவர் வெளியிட்டார்கள். தொற்றுக்கும் நோய்க்கும் இடையில் எவ்வளவு காலம் ஓடலாம் என்பது அந்தத் தொகுப்பிலிருந்துதான் தெளிவானது.

வலிப்பு நரம்பு நோய். மனநோய் பற்றிய பேச்சில் அதை ஏன் இழுக்கிறீர்கள்?

இரண்டு காரணம். முதலாவது, மூளைக்கட்டி வலிப்போடு நிற்பதில்லை. பிரேசிலில் ஒரு நரம்பியல் பிரிவுக்கு வந்த 38 நோயாளிகளை ஆராய்ந்து 1997-ல் வெளியிட்டார்கள். அவர்களில் 65.8 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு மனநலக் கோளாறு இருந்தது. பாதிக்கும் சற்று மேற்பட்டவர்களுக்கு மனச்சோர்வு. நினைவாற்றலிலும் சிந்தனையிலும் சரிவு காட்டியவர்கள் 87.5 சதவீதம். மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் பார்த்த சிறிய ஆய்வு என்பதால் இந்த எண்களை ஊருக்கெல்லாம் பொருத்தக் கூடாது. ஆனாலும், கட்டி எங்கே உட்கார்கிறது, எத்தனை இருக்கிறது என்பதைப் பொறுத்து மனநோய் போலவே தோற்றம் காட்ட முடியும் என்பது புரிகிறது.

இரண்டாவது காரணம், வலிப்பு உள்ளவரை ஊர் நடத்தும் விதம். பேய் பிடித்தது, சாபம், தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்றெல்லாம் பல நாடுகளில் நம்புகிறார்கள். பள்ளியிலிருந்து நிறுத்துகிறார்கள், கல்யாணம் தட்டிப்போகிறது, வேலை கிடைப்பதில்லை. இதெல்லாம் நடந்தபின் ஒருவருக்கு மனச்சோர்வு வந்தால், அதில் புழுவின் பங்கு எவ்வளவு, மனிதரின் பங்கு எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்வது?

எண்ணிக்கையும் சின்னது அல்ல. உலகில் சுமார் 5 கோடிப் பேர் வலிப்பு நோயோடு வாழ்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும்தான் இருக்கிறார்கள். இந்தப் புழு பரவியுள்ள பகுதிகளில் வலிப்பு நோயாளிகளில் சுமார் 30 சதவீதம் பேருக்கு இதுவே காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. வேலூர் வட்டாரத்தில் நடந்த கள ஆய்வும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்றே சொன்னது.

அப்படியானால் எல்லோருக்கும் பூச்சி மாத்திரை கொடுத்துவிடலாமே?

குடலில் இருக்கும் புழுவுக்கு மாத்திரை சரி. மூளையில் இருக்கும் கட்டிக்கு அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கக் கூடாது. மேலே சொன்னேன் அல்லவா, இளம்புழு சாகும்போதுதான் வீக்கம் வருகிறது என்று. அல்பெண்டசோல், பிராசிகுவாண்டெல் ஆகிய மருந்துகள் மூளையில் உள்ள புழுக்களை ஒரேயடியாகக் கொல்லும்போது வீக்கம் கூடி வலிப்பு மோசமாகலாம். அதனால் ஸ்கேன் எடுத்து, கட்டி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து, ஸ்டீராய்டையும் வலிப்பு மருந்தையும் கூடவே கொடுத்துத்தான் வைத்தியம் செய்கிறார்கள். கட்டி ஏற்கெனவே சுண்ணாம்பாக இறுகிவிட்டிருந்தால் புழு மருந்தே வேண்டாம், வலிப்பு மருந்து மட்டும் போதும். ஸ்கேன் இயந்திரம் நாள் கணக்கில் பயணம் செய்தால்தான் கிடைக்கும் என்ற நிலையில் உள்ள நாடுகளில் இதெல்லாம் எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

வருமுன் காப்பது இதைவிட எளிது. பெருவின் டும்பெஸ் பகுதியில் 107 கிராமங்களில் மனிதர்களுக்கும் பன்றிகளுக்கும் ஒரே நேரத்தில் மருந்து கொடுத்து, பன்றிகளுக்குத் தடுப்பூசியும் போட்டார்கள். பிறகு சோதித்தபோது 105 கிராமங்களில் நோயுள்ள பன்றி எதுவும் கிடைக்கவில்லை. 2016-ல் இந்த முடிவுகள் வெளிவந்தன. மனநோயாளிகளின் எண்ணிக்கையைக் குறைக்கப் பன்றிக்கு ஊசி போட வேண்டும் என்று மனநல மாநாட்டில் எழுந்து சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது.

மலேரியா குணமானபின் குழந்தையின் குணமே மாறிவிட்டது என்று சில பெற்றோர் சொல்கிறார்களே?

கற்பனை அல்ல. எல்லா மலேரியாவும் அல்ல, பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் என்ற வகை மூளையைத் தாக்கும்போது. ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுக்கள் மூளையின் மெல்லிய ரத்தக்குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொண்டு ஓட்டத்தை அடைக்கின்றன. குழந்தை நினைவிழக்கிறது. பிழைத்தால் போதும் என்று வீட்டுக்கு அனுப்பி வைப்பார்கள், கதை முடிந்தது என்று எல்லோரும் நினைப்பார்கள். உகாண்டாவில் அப்படிப் பிழைத்த குழந்தைகளை இரண்டு ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது, 26.3 சதவீதம் பேருக்கு நினைவு, கவனம், கற்றல் ஆகியவற்றில் ஏதாவதொன்றில் குறை இருந்தது. அதே பகுதியில் நோயில்லாத குழந்தைகளிடம் இது 7.6 சதவீதம்தான். முரட்டுத்தனம், ஓரிடத்தில் உட்காராத துறுதுறுப்பு, சொன்னதற்கெல்லாம் எதிர்ப்பு போன்ற நடத்தைச் சிக்கல்களும் பின்னாளில் காணப்பட்டன. வாத்தியார் பிரம்பைத் தேடும் பிள்ளைகளில் சிலர் உண்மையில் மூளையைத் தாக்கிய மலேரியாவின் மிச்சத்தைச் சுமப்பவர்கள்.

மருந்தும் சில சமயம் வம்பு செய்யும். மெஃப்ளோகுவின் என்ற மலேரியா மாத்திரை சிலருக்குக் கெட்ட கனவு, பதற்றம், மாயத்தோற்றம் வரை கொண்டுபோகும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-ல் அதற்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட்டது. மலேரியா நோயாளி திடீரென்று உளறினால் நோயா மருந்தா என்று இரண்டையும் பார்க்க வேண்டும்.

ஒரு காலத்தில் மலேரியாவை வைத்தே மனநோய்க்கு வைத்தியம் பார்த்தார்களாமே?

ஆமாம். வியன்னாவில் வாக்னர்-யாரெக் என்ற மனநல மருத்துவர் 1917-ல் மலேரியா நோயாளியின் ரத்தத்தை எடுத்து, சிபிலிஸ் முற்றி மூளை கெட்டுப்போனவர்களுக்கு ஏற்றினார். கடும் காய்ச்சல் சிபிலிஸ் கிருமியை அடக்கும் என்பது எண்ணம். பிறகு குயினின் கொடுத்து மலேரியாவை நிறுத்துவார். சிலர் தேறினார்கள், சிலர் மலேரியாவிலேயே செத்தார்கள். 1927-ல் அவருக்கு நோபல் பரிசே கிடைத்தது. பெனிசிலின் வந்ததும் இந்த வைத்தியம் மறைந்தது.

தூக்க நோய் என்றால் எந்நேரமும் தூங்குவதா?

பெயர் பாதி உண்மைதான் சொல்கிறது. ஆப்பிரிக்காவில் உள்ள டெசெட்சி என்ற ஈ கடித்துப் பரவும் டிரிபனோசோமா என்ற ஒட்டுண்ணி முதலில் ரத்தத்தில் இருக்கும். மாதங்கள், சில வேளை வருடங்கள் கழித்து மூளைக்குள் நுழையும். அப்போது தூக்கத்தின் கடிகாரமே தலைகீழாகிறது. பகலில் சொக்கி விழுவார், ராத்திரி முழுக்க விழித்திருப்பார். அதோடு நிற்காது. அமைதியானவர் சண்டைக்காரர் ஆவார், இல்லாத குரல்கள் கேட்கும், வெட்கம் விட்டு நடந்துகொள்வார், சிலர் அழுதுகொண்டே இருப்பார்கள். காய்ச்சல் லேசாகத்தான் இருக்கும் என்பதால் வீட்டார் இதைப் பைத்தியம் என்றே முடிவு கட்டிவிடுவதுண்டு. மருத்துவர்களும் தவறியிருக்கிறார்கள். கவனிக்காமல் விட்டால் பெரும்பாலும் மரணம்.

பழைய மருந்தான மெலார்சோபிரால் ஆர்சனிக் கலந்தது. ஊசி போட்டவர்களில் ஏறக்குறைய 20 பேருக்கு ஒருவரை மருந்தே கொன்றது. இன்று ஃபெக்சினிடசோல் என்ற மாத்திரையைப் பத்து நாள் விழுங்கினால் நோயாளிகள் பலருக்குப் போதும். 2018-ல் அதற்கு ஐரோப்பிய மருந்து அமைப்பின் ஒப்புதல் கிடைத்தது. 1998-ல் ஏறக்குறைய 40,000 நோயாளிகள் பதிவானார்கள். 2018 முதல் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் குறைவு. இந்தப் பக்கத்தில் மனதார மகிழ்ந்து எழுதக் கூடிய ஒரே பத்தி இதுதான். ஒரு சின்ன உறுத்தலும் உண்டு. நோய் அரிதாகிவிட்டால் மருத்துவர்கள் அதை மறந்துவிடுவார்கள். எஞ்சியிருக்கும் நோயாளி மனநல விடுதியில் போய்ச் சேர வாய்ப்பு கூடுகிறது.

உகாண்டாவின் தலையாட்டும் நோய் என்பது என்ன?

5 முதல் 15 வயதுக் குழந்தைகளுக்கு, முக்கியமாகச் சாப்பாட்டைப் பார்த்ததும், தலை திரும்பத் திரும்ப முன்னால் கவிழும் ஒரு விதமான வலிப்பு. உகாண்டாவின் வடக்கே கிட்கும், பாடேர் மாவட்டங்களிலும், தெற்கு சூடானிலும், தான்சானியாவின் மஹெங்கேயிலும் காணப்பட்டது. மஹெங்கேயில் 1960-களிலேயே லூயீஸ் யிலெக்-ஆல் என்ற மருத்துவர் இதைக் கவனித்தார். பிள்ளைகளின் வளர்ச்சி நின்றுபோகும், அறிவு மங்கும், சிலர் மனச்சோர்வில் விழுவார்கள். ஆவி பிடித்தது என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் நிறைய.

வேகமாக ஓடும் ஆறுகளில் பெருகும் கருப்பு ஈ பரப்பும் ஒன்கோசெர்கா புழு, அதாவது கண்ணைக் குருடாக்கும் ஆற்றுக்குருடு நோயின் புழு, எங்கே அதிகமோ அங்கேதான் இந்த நோயும் இருந்தது. புழு மூளைக்குள் நேரடியாகப் போவதற்குச் சான்று இல்லை. புழுவை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருள் மூளையையும் தாக்குகிறது என்பது ஒரு கருத்து. இதில் விவாதம் தீரவில்லை. ஆனால் ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தைக் கொடுத்து, ஈயின் புழுக்களையும் ஆற்றில் அழிக்கத் தொடங்கியபின் வடக்கு உகாண்டாவில் புதிய நோயாளிகள் வருவது அநேகமாக நின்றது. எப்படி நடக்கிறது என்று முழுக்கப் புரிவதற்கு முன்பே நிறுத்த முடிந்தது.

பூனை வளர்த்தால் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) வருமா?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் விட அதிகம் வருகிறது. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் குடலில்தான் முழு வளர்ச்சி அடையும். பூனை மலம் கலந்த மண், கழுவாத காய், வேகாத இறைச்சி ஆகியவற்றின் வழியாக மனிதருக்கு வரும். உலக மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் உடம்பில் அது இருக்கிறது. மூளையில் சிறு கூடுகளாகத் தூங்கிக்கொண்டிருக்கும்.

ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2000-ல் ஒரு விசித்திரத்தைக் காட்டினார்கள். இந்தத் தொற்று உள்ள எலிக்குப் பூனை வாடை என்றால் பயம் போய்விடுகிறது. ஒட்டுண்ணிக்கு அது வசதி, எலியைப் பூனை தின்றால்தானே அது தன் வீட்டுக்குப் போகும். எலிக்கு நடப்பது மனிதருக்கும் நடக்குமா என்று தேடத் தொடங்கினார்கள். 23 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2007-ம் ஆண்டுத் தொகுப்பு ஒன்று, மனச்சிதைவு உள்ளவர்களிடம் இந்தத் தொற்றின் அடையாளம் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைப் போல் 2.7 மடங்கு என்றது. பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன.

அப்புறம் வந்ததை யாரும் பெரிதாகப் போடவில்லை. நியூசிலாந்தின் டுனிடினில் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனிக்கப்பட்டு வரும் 800-க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்த 2016 ஆய்வில், தொற்றுக்கும் மனச்சிதைவுக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு என்று சொல்லும்படி எதுவும் கிடைக்கவில்லை. எத்தியோப்பியாவின் புட்டாஜிராவில் மனச்சிதைவு நோயாளிகளுக்கு வழக்கமான மருந்தோடு, டாக்சோபிளாஸ்மாவைத் தாக்கும் டிரைமெத்தோபிரிமையும் கொடுத்துப் பார்த்தார்கள். போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அவர்கள் கூடுதலாகத் தேறவில்லை. பொது அறிவாகவும் ஒன்றைக் கேட்கலாம். பிரான்சில் 1960-களில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய 80 சதவீதம் பேருக்கு இந்தத் தொற்று இருந்தது. நாற்பது ஆண்டுகளில் அது 44 சதவீதத்துக்கு இறங்கியது. மனச்சிதைவுக்கு இது பெரிய காரணம் என்றால், அந்த நோயும் கூடவே பாதியாகச் சரிந்திருக்க வேண்டாமா?

என் முடிவு: சிறிய பங்கு இருக்கலாம், சிலரிடம் மட்டும் இருக்கலாம். பூனையைத் துரத்த இது காரணம் அல்ல. கர்ப்பிணிகளும், எச்ஐவி போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் மட்டும் பூனை மலத்தைக் கையால் தொடாமல், இறைச்சியை நன்றாக வேகவைத்துச் சாப்பிட வேண்டும். அவர்களுக்கு ஆபத்து நிஜம். எதிர்ப்புச் சக்தி குறையும்போது மூளையில் தூங்கிய கூடு விழித்து, குழப்பத்தையும் வலிப்பையும் கொண்டுவரும்.

கொக்கிப்புழு உள்ளவர் சோம்பேறி ஆகிவிடுவார் என்பது உண்மையா?

சோம்பேறி அல்ல, ரத்தம் இல்லாதவர். கொக்கிப்புழுவில் ஒரு வகை, ஒரு நாளைக்குச் சுமார் 0.2 மில்லி லிட்டர் ரத்தத்தைக் காலி செய்யும். நூறு புழு இருந்தால் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து குறைந்தால் களைப்பு, ஆர்வமின்மை, எரிச்சல், கவனச் சிதறல் எல்லாம் வரும். மூளையில் டோபமின் என்ற ரசாயனம் தயாராவதற்கே இரும்பு வேண்டும். மனச்சோர்வுக் கேள்வித்தாளை இவரிடம் நீட்டினால் பாதிக் கேள்விகளுக்கு "ஆமாம்" என்பார்.

இந்தக் குழப்பம் பணக்கார நாட்டிலும் இருந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏழை விவசாயிகளைப் பிறவிச் சோம்பேறிகள் என்று சொல்லிவந்தார்கள். சார்ல்ஸ் ஸ்டைல்ஸ் என்பவர் கொக்கிப்புழுவைக் காட்டியதும், 1902-ல் பத்திரிகைகள் அதற்குச் "சோம்பல் கிருமி" என்று பெயர் வைத்தன. 1909-ல் ராக்ஃபெல்லர் பணத்தில் ஒழிப்பு வேலை தொடங்கியது. ஒரு வட்டாரத்தின் குணம் என்று நினைத்தது ஒரு புழுவின் வேலையாக இருந்தது.

பள்ளியில் பூச்சி மாத்திரை கொடுத்தால் பிள்ளைகளின் புத்தி கூர்மையாகுமா?

இதில் பொருளாதார அறிஞர்களும் மருத்துவ ஆய்வாளர்களும் அடித்துக்கொள்கிறார்கள். கென்யாவில் 1990-களின் இறுதியில் நடந்த சோதனையில் மாத்திரை கொடுத்த பள்ளிகளில் பிள்ளைகள் வருவது கூடியது. எல்லா ஆய்வுகளையும் திரட்டிப் பார்த்த காக்ரேன் தொகுப்போ, ஊருக்கே மாத்திரை கொடுப்பதால் சராசரி அறிவுத்திறனில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்கிறது. இரண்டும் பொருந்தக் கூடியவைதான். புழு அதிகமுள்ள குழந்தைக்குப் பலன் பெரிது, புழுவே இல்லாத பத்துப் பிள்ளைகளோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் அது கரைந்துபோகிறது. மாத்திரை மலிவு, பாதுகாப்பானது. கொடுக்கட்டும். மதிப்பெண் ஏறும் என்று மட்டும் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

குழந்தை தூக்கத்தில் பல்லைக் கடிப்பது பூச்சியாலா?

அதற்குச் சரியான ஆதாரம் இல்லை. கீரிப்புழு இருந்தால் ஆசனவாய் அரிப்பால் தூக்கம் கெட்டுப் பகலில் சிடுசிடுக்கும், அது உண்மை.

யானைக்கால் நோய் மூளைக்குப் போவதில்லையே, அதை ஏன் சேர்க்கிறார்கள்?

போவதில்லைதான். மூன்றாவது கதை என்று தொடக்கத்தில் சொன்னது இதுதான். என் பார்வையில் மூன்றிலும் பெரியது இதுவே, ஆராய்ச்சிப் பணம் குறைவாக வருவதும் இதற்கே. கால் வீங்கி, தோல் தடித்து, நாற்றமடிக்கும் நீர் கசிகிறது. உலகில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கை கால் வீக்கம். சுமார் இரண்டரைக் கோடி ஆண்களுக்கு விரை வீக்கம். அவர்கள் அதை மனைவியிடம்கூடச் சொல்லாமல் மறைப்பவர்கள். வேலை போகிறது, விசேஷங்களுக்குப் போவது நிற்கிறது. இந்த நோயாளிகளின் மனச்சோர்வால் மட்டும் ஆண்டுக்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆரோக்கியமான வாழ்வாண்டுகள் பறிபோகின்றன என்று 2015-ல் வெளியான ஒரு மதிப்பீடு சொன்னது. அதுவரை போட்ட கணக்குகளில் காலின் வீக்கம்தான் இருந்தது, மனது இல்லை.

தோலில் புண் ஏற்படுத்தும் லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியும் அப்படித்தான். ஆப்கானிஸ்தானிலும் சிரியாவிலும் முகத்தில் ஆழமான தழும்பை விட்டுச்செல்கிறது. புண் ஆறியதும் மருத்துவப் பதிவேட்டில் "குணமானார்" என்று எழுதுவார்கள். ஓர் இளம்பெண்ணுக்கு நோயே அன்றைக்குத்தான் தொடங்குகிறது.

இங்கே மாத்திரையை விட வேறு சில காரியங்கள் உதவுகின்றன. காலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி உலர்த்தினாலே காய்ச்சலோடு வரும் வீக்கத் தாக்குதல்கள் குறைகின்றன. விரை வீக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை உண்டு. ஹைட்டியில் யானைக்கால் உள்ள பெண்கள் ஒன்றுகூடிப் பேசும் குழுக்களை அமைத்தார்கள். இலங்கை 2016-ல் இந்த நோயை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் ஆக்கிவிட்டதாக அங்கீகாரம் பெற்றது. ஆனால் பரவல் நின்றாலும் ஏற்கெனவே வீங்கிய கால் வற்றுவதில்லை. அந்த ஆளுக்கு இன்னும் முப்பது வருடம் அதே காலோடு வாழ வேண்டியிருக்கிறது.

தலைகீழாகவும் நடக்குமா? மனநோய் முதலில், ஒட்டுண்ணி அப்புறம்?

நடக்கும். மண் தின்னும் பழக்கம் உள்ளவர்கள், தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாதவர்கள், நெரிசலான மனநல விடுதிகளில் வருடக்கணக்கில் இருப்பவர்கள் ஆகியோரிடம் குடல் ஒட்டுண்ணிகள் அதிகம் என்று பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். எனவே ஒரே ஒரு நாளில் ரத்தம் எடுத்து "மனநோயாளிகளிடம் புழு அதிகம்" என்று சொல்லும் ஆய்வு எதையும் நிரூபிப்பதில்லை. போதாததற்கு வறுமை இந்த இரண்டையும் ஒரே வாசலில் கூட்டிவந்து விடுகிறது.

உடம்பெல்லாம் பூச்சி ஊர்கிறது என்கிறார், சோதனையில் எதுவும் இல்லை. என்ன செய்வது?

அது ஒட்டுண்ணி மாயையாக இருக்கலாம். 1938-ல் எக்போம் என்ற ஸ்வீடன் மருத்துவர் இதை விவரித்தார். தோலிலிருந்து எடுத்த துகளைத் தீப்பெட்டியில் போட்டு டாக்டரிடம் ஆதாரமாகக் கொண்டுவருவார்கள். வாதாடி ஜெயிக்க முடியாது, கேலி செய்தால் அடுத்த முறை வரவே மாட்டார். ஆனால் ஒட்டுண்ணிகள் நிறைந்த நாட்டில் முதல் வேலை, சிரங்கோ பேனோ புழுவோ நிஜமாகவே இல்லை என்று ஒழுங்காகப் பார்த்துவிடுவது. மாயை என்று முத்திரை குத்திய பிறகு யாரும் மறுபடி பார்ப்பதில்லை.

வீட்டில் ஒருவருக்குத் திடீரென்று மனநலம் கெட்டால், டாக்டரிடம் எதைச் சொல்ல மறக்கக் கூடாது?

அண்மையில் காய்ச்சல் வந்ததா, எங்கெல்லாம் பயணம் செய்தார், எங்கே சில ஆண்டுகள் வாழ்ந்தார் என்பதைச் சொல்லுங்கள். பத்து வருடம் முன்பு என்றாலும் சொல்லுங்கள், நாடாப்புழுக் கட்டிக்குப் பத்து வருடம் பெரிதல்ல. முதல் முறையாக வலிப்பு வந்திருந்தால், தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால், பகல் தூக்கமும் இரவு விழிப்புமாக மாறியிருந்தால், ஒரு கையோ காலோ மரத்துப்போனால், இவற்றை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், மலேரியா மாத்திரை உட்பட, கையில் எடுத்துப் போங்கள். வலிப்பு வந்தவருக்கு நீங்களாகப் பூச்சி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். டாக்டர் ஏற்கெனவே எழுதிக்கொடுத்த மனநல மருந்தை, "இது புழுவாகத்தான் இருக்கும்" என்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். புழு உறுதியானாலும் அந்த மருந்து சில காலம் தேவைப்படலாம்.